அயலவர் முற்றத்தில் ஓர் அரசு

உலக நாடுகளைப் பரப்பளவின்படி வரிசைப்படுத்துவோர் மொனாக்கோவைக் கடைசிக்கு முந்திய இடத்தில் வைப்பர். அதற்கும் கீழே வத்திக்கான் ஒன்றே உண்டு. வத்திக்கானுக்கு மறுமை பற்றிய பொறுப்புகள் இருப்பதால் நிலத்தைப் பற்றி அது பெரிதும் கவலைப்படுவதில்லை. மொனாக்கோவோ இம்மையை மட்டுமே நம்பியிருப்பது. பிரான்சின் தென்கிழக்குக் கரையிலே, அல்ப்ஸ் மலை கடலுக்குள் இறங்கும் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்நாட்டின் பரப்பு இரண்டு சதுர கிலோமீற்றரும் சொச்சமும் ஆகும். மூன்று புறமும் பிரான்சு. நான்காம் புறம் மத்தியதரைக் கடல். சில இடங்களில் நாட்டின் அகலம் நானூறு மீற்றரையும் எட்டாது. உண்ட களை தீர உலாவப் புறப்படும் ஒருவர் சற்றே சிந்தனை வயப்பட்டாராயின் வெளிநாடு சென்றுவிடுவார். வடக்கு எல்லையில் ஒரு தெருவுண்டு. அதன் ஒரு பக்கத்து வீடுகள் மொனாக்கோவிலும் எதிர்ப்பக்கத்து வீடுகள் பிரான்சிலும் உள்ளன. அத்தெருவில் வசிப்பவர் எதிர்ப்பக்கத்துக் கடையில் பாண் வாங்குவது சர்வதேச வர்த்தகம். கடவுச்சீட்டைக் கேட்பார் எவருமில்லை என்பதனால்தான் காலையுணவு நேரத்துக்குக் கிடைக்கின்றது.

இங்கு 38,000க்கு மேற்பட்டோர் வசிக்கின்றனர். அவர்களுள் மொனாக்கோப் பிரசைகள் ஏறத்தாழப் பத்தாயிரவர், அதாவது நால்வரில் ஒருவர். மற்றையோர் நூற்றுக்கு மேற்பட்ட தேசத்தவர். அந்நாட்டு வாழ்க்கையின் வேடிக்கைகள் யாவும் ஒரே வேரிலிருந்து கிளைப்பன. ஒரு நாட்டுக்கு வேண்டுவனவற்றையெல்லாம் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டு, கொடியையும் கஜானாவையும் மட்டும் தன் வீட்டில் வைத்திருப்பது இயலுமா என்ற வினாவுக்கு மொனாக்கோ பல நூற்றாண்டுகளாக விடையெழுதி வருகின்றது.

தொடக்கமே வேடிக்கையானது. 1297 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆம் நாள், பிரான்சிஸ்கோ கிரிமால்டி என்பார் துறவி வேடம் பூண்டு, குன்றின்மேலிருந்த கோட்டைக் கதவைத் தட்டினார் என்றும், காவலர் இரங்கிக் கதவைத் திறந்ததும் அங்கியின் கீழிருந்து வாளை உருவினார் என்றும் வரலாறு கூறும். தந்திரக்காரன் என்று பொருள்படும் ‘மலிசியா’ என்ற பட்டப்பெயரும் அவருக்கு உண்டு. மற்றைய அரச வமிசத்தார் தம் முன்னோர் கோட்டைகளை வீரத்தால் வென்றனர் என்று பாடுவித்துக்கொள்வர். கிரிமால்டி வமிசத்தாரோ வாளேந்திய இரு துறவிகளைத் தம் இலச்சினையிலேயே பொறித்து, அதன் கீழே ‘இறையருளால்’ என்ற வாசகத்தையும் எழுதி வைத்துள்ளனர். இத்துணை வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலம் அரச இலச்சினைகளில் அரிது. சில ஆண்டுகளுக்குள் கோட்டை கைநழுவியது. பின்னும் பலமுறை கைமாறியது. 1419 இல் அவ்வமிசத்தார் அதனை அரகன் அரசிடமிருந்து விலைக்கே வாங்கினர். வேடத்தால் பெற்றது நிலைக்கவில்லை, பணத்தால் பெற்றது நிலைத்தது. இப்பாடத்தை அவ்வமிசத்தார் பின்னர் மறந்ததாகத் தெரியவில்லை.

அக்காலத்து மொனாக்கோ இன்றையதைப்போற் பன்மடங்கு பெரியது. மென்ரோன், ரொக்புரூன் என்னும் இரு ஊர்கள் அதற்கு உரியனவாக இருந்தன. அவ்வூர்களின் எலுமிச்சையும் ஒலிவ எண்ணெயுமே அரசுக்கு வருவாய். வரிச்சுமை தாங்காத அவ்வூரார் 1848 இல் பிரிந்து போயினர். 1861 இல் மூன்றாம் சார்ள்ஸ் இளவரசர் நாற்பது இலட்சம் பிராங்குக்கு அவ்விரு ஊர்களையும் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தார். நாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போயிற்று. எஞ்சியது ஒரு பாறையும், ஒரு துறைமுகமும், குகைகள் என்னும் பொருள்பட அழைக்கப்பட்ட ஒரு வெற்றுக் குன்றுமே. எலுமிச்சை மரமும் இல்லை, வரி கொடுக்கக் குடியானவனும் இல்லை. உலக வரலாற்றில் இந்நிலை எய்திய அரசர் பலர் ஒன்றிற் போருக்குப் போவர், அன்றேல் துறவுக்குப் போவர். சார்ள்ஸ் சூதாட்டத்துக்குப் போனார், ஆடுவதற்கன்று, ஆடுவிப்பதற்கு.

1856 இல் தொடங்கிய முதலாவது சூதாட்ட மண்டபத்துக்கு ஆட்கள் வரவில்லை. வருவதற்கு நல்ல பாதையே இல்லை. ஜெர்மனியின் ஹொம்பேர்க் நகரில் இத்தொழிலை நடத்திப் பெயர் பெற்ற பிரான்சுவா பிளாங் 1863 இல் பொறுப்பேற்றார். அவர் நடத்திய நிறுவனத்தின் பெயர் ‘கடல் நீராடற் சங்கம்’. பெயரை மட்டும் கேட்பவர் அது மருத்துவர் ஆலோசனைப்படி கடற்குளிப்பாட்டும் தரும ஸ்தாபனம் என்று எண்ணுவர். இன்றும் காசினோவையும் பெரிய ஹோட்டல்களையும் நடத்துவது அதே பெயர்கொண்ட அதே சங்கந்தான். அதன் பெரும் பங்குகள் அரசின் கையில் உள்ளன. 1866 இல் குகைக் குன்று இளவரசர் பெயரால் ‘மொன்ரே கார்லோ’ ஆயிற்று. 1868 இல் புகையிரதம் வந்தது. 1869 இல் குடிகள்மீதிருந்த நேர்வரிகள் நீக்கப்பட்டன. வரி தாங்காமல் 1848 இல் பிரிந்துபோன மென்ரோன் ஊரார் இச்செய்தியை எத்தகைய முகத்தோடு கேட்டிருப்பர் என்பது கற்பனைக்குரியது.

நாட்டின் உண்மையான வருவாய்த் திணைக்களம் ரூலெற் சக்கரத்திலுள்ள சுழியமே. சக்கரத்தில் சுழியம் முதல் முப்பத்தாறு வரை முப்பத்தேழு குழிகள்; எண் பொருந்தியவனுக்குக் கொடுபடுவதோ முப்பத்தைந்து மடங்கு. எனவே நீண்ட காலக் கணக்கில் முப்பத்தேழு நாணயத்துக்கு ஒன்று வீட்டுக்காரனிடமே தங்கிவிடும். இதில் ஏமாற்றெதுவும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்த எண்கணிதமே. 1880 களில் நெசவாலைத் தொழிலோடு தொடர்புடைய யோர்க்‌ஷயர்வாசி ஜோசப் ஜாகர் என்பவர், மனிதன் செய்த சக்கரம் எதுவும் முழுச் சமநிலையாக இராது என்று கருதி, எழுதுவினைஞரை அமர்த்தி விழும் எண்களையெல்லாம் குறிப்பித்தார். ஒரு சக்கரம் சில எண்களின்பால் சாய்வது புலப்பட, அவற்றின்மேல் வைத்துப் பெரும்பொருள் ஈட்டினார். காசினோவார் சக்கரங்களை இரவோடிரவாக இடம் மாற்றினர். பரிசோதனைக்கூட முறையால் காசினோவை வென்றவர் என்று அவரைப் புள்ளிவிபரவியல் மாணவர் கொண்டாடலாம். ஆனால் அதற்குப்பின் சக்கரங்கள் ஒழுங்காகப் பரிசோதிக்கப்படலாயின என்பதையும் அவர்கள் குறித்துக்கொள்வது நன்று.

இத்தனைக்கும் மொனாக்கோப் பிரசைகள் அச்சூதாட்ட மண்டபத்தில் ஆடுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. குடிகளின் ஒழுக்கத்தைக் காக்கும் ஏற்பாடு என்று இதற்கு விளக்கம் தரப்படுவதுண்டு. பொருளியல் விளக்கம் இன்னும் எளிது. பிரசை தோற்றால் வலப்பைப் பணம் இடப்பைக்குப் போகும். வென்றால் இடப்பையிலிருந்து வலப்பைக்கு வரும். நாட்டுக்கு இலாபமில்லாத வேலை எதற்கு? கள்ளுக்கடை வைத்தவன் தன் பிள்ளைகளைக் கடைப்பக்கம் விடாத கதை இது. இப்போது அரச வருவாயில் சூதாட்டத்தின் பங்கு மிகச் சிறிது; ஏறக்குறையப் பாதி, பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விதிக்கும் பெறுமதிசேர் வரியால் வருவது. பிள்ளைகள் மட்டும் இன்னும் கடைக்கு வெளியிலேயே நிற்கின்றனர்.

சிறிய நாட்டின் செலவுக்கணக்கை மோப்பசான் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1888 இல் வெளிவந்த பயண நூலொன்றில் கதையாக்கினார். ரோல்ஸ்ரோய் அதனைத் தம் முறையில் மறுபடி சொன்னார். மொனாக்கோவில் ஒருவன் கொலை செய்கின்றான். மரண தண்டனை விதிக்கப்படுகின்றது. தலை வெட்டும் பொறி நாட்டில் இல்லை. பக்கத்து நாடுகளிடம் வாடகைக்குக் கேட்டால் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. ஆயுட்காலச் சிறையாக மாற்றினால் காவலனுக்கும் சாப்பாட்டுக்கும் ஆண்டுதோறும் செலவு. காவலனை நிறுத்திப் பார்க்கின்றனர். கைதி தானே அரண்மனைச் சமையலறைக்குச் சென்று உணவு வாங்கிவந்து, தானே கதவைச் சாத்திக்கொள்கின்றான். போய்விடு என்றால், தன் தொழிலும் பெயரும் கெட்டபின் எங்கே போவது என்று நியாயம் பேசுகின்றான். இறுதியில் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஓய்வூதியம் பேசி அனுப்புகின்றனர். அவன் எல்லைக்கு அப்பால் நிலம் வாங்கிக் குடியிருந்து, தவணைதோறும் வந்து பணத்தைப் பெற்றுச் செல்கின்றான். கதை கற்பனையே. ஆயினும் நீண்டகாலத் தண்டனை பெற்றோரை இன்று பிரெஞ்சுச் சிறைகளுக்கே அனுப்புகின்றனர் என்பது கற்பனையன்று. எல்லைக்கு அப்பால் குடியிருந்து இப்பால் வந்து ஊதியம் பெறும் முறையும் அக்கொலைகாரனோடு முடிந்துவிடவில்லை.

படையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இளவரசரின் காவற்படையில் நூறு சொச்சம் பேர். நாட்டின் வாத்தியக்குழுவிலும் ஏறக்குறைய நூறு பேர். இரு குழுக்களில் எது நாட்டின் புகழை அதிகம் காத்தது என்பது விவாதத்துக்குரியது. பொலிசார் மட்டும் ஐந்நூறுக்கு மேல். இத்தகைய படைபலத்தோடு மொனாக்கோ 1962 இல் பிரான்சோடு மோதியது. மொனாக்கோவில் வந்து குடியேறி வரியின்றி வாழும் பிரெஞ்சுக்காரரைக் கண்டு பொறாத ஜனாதிபதி டி கோல், ஒக்ரோபர் மாதத்து ஓரிரவில் சுங்க அதிகாரிகளை எல்லையில் நிறுத்தினார். அதுவரை எல்லை எங்கே என்று தேடிப் பார்க்கவேண்டிய நிலையிலிருந்த ஊரில் திடீரென்று எல்லை முளைத்தது. 1963 இல் உடன்பாடு பிறந்தது. அங்கு புதிதாகக் குடியேறும் பிரெஞ்சுக்காரர் பிரான்சுக்கே வரி கட்டவேண்டுமென்பது அதன் சாரம். ஆக, உலகத்துச் செல்வர் எவரும் மொனாக்கோவின் வரியில்லா நிழலில் ஒதுங்கலாம். வேலிக்கு அப்பால் வாழும் அயல்வீட்டுக்காரனுக்கு மட்டும் அந்நிழல் விலக்கு. உலக நிதிக் கண்காணிப்புச் செயலணி 2024 ஜூனில் மொனாக்கோவைத் தன் சாம்பற் பட்டியலில் சேர்த்தபோது, நிழலில் ஒதுங்கியோர் எல்லாரும் வெயிலுக்குப் பயந்து மட்டும் வந்தவரல்லர் என்ற ஐயம் உலகுக்கு உண்டென்பது தெரிந்தது.

பக்கத்து வீட்டில் வைக்கப்பட்டுள்ள பொருள்களுக்கு வருவோம். மொன்ரே கார்லோ ரென்னிஸ் போட்டி உலகப் புகழ் பெற்றது. அது நடைபெறும் மைதானம் இருப்பது பிரான்சின் ரொக்புரூன் ஊரில், அதாவது 1861 இல் விட்டுக்கொடுத்த நிலத்தில். மொன்ரே கார்லோ கடற்கரை ஹோட்டலும் அவ்வூர்க் கரையிலேயே உள்ளது. கோல்ஃப் மைதானம் மலைமேலுள்ள லா ரூர்பி என்னும் பிரெஞ்சு ஊரில். விமான நிலையம் நீஸ் நகரில். அங்கிருந்து ஹெலிகொப்டரில் ஏழு நிமிடம். உதைபந்தாட்ட அரங்கு ஒன்று மட்டும் சொந்த நிலத்தில் உண்டு. சொந்த நிலமென்பதும் கடலை நிரப்பி எடுத்தது. 1985 இல் திறக்கப்பட்ட அவ்வரங்கின் புற்றரைக்குக் கீழே கார்கள் பல தட்டுகளில் உறங்குகின்றன. மொனாக்கோக் கழகம் பிரெஞ்சுச் சம்மேளனப் போட்டிகளில் ஆடி எட்டு முறை பிரான்சின் முதன்மைப் பட்டத்தை வென்றுள்ளது. 2017 இல் எட்டாவது முறை. ஆட்டத்திலேனும் பிரான்சிடம் ஏதாவது வாங்கிக்கொள்ள வேண்டாமா?

சொந்த நிலத்தில் ஒன்றை நடத்தியே தீரவேண்டிய கட்டாயம் ஒருமுறை வந்தது. மொனாக்கோவின் மோட்டார்க் கழகம் தன்னை ஒரு தேசியக் கழகமாக ஏற்குமாறு சர்வதேசச் சங்கத்திடம் விண்ணப்பித்தது. அக்கழகம் 1911 முதல் நடத்திய மொன்ரே கார்லோ கார்ப் பயணப் போட்டி பெரும்பாலும் அயல்நாடுகளின் பாதைகளில் நடப்பது. சொந்த மண்ணில் பந்தயம் நடத்தாதது தேசியக் கழகமாகுமா என்று விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மானப்பிரச்சினை! நாட்டில் இருந்த தெருக்களையே பந்தயப் பாதையாக்கினர். 1929 இல் முதலாவது போட்டி நடந்தேறியது. இன்று ஒரு சுற்று 3.337 கிலோமீற்றர், எழுபத்தெட்டுச் சுற்று ஓடினால் 260 கிலோமீற்றர். நாடு முழுவதையும் நீளவாக்கில் நடந்தே ஒரு மணி நேரத்துக்குள் கடக்கலாம் என்ற இடத்தில் உலகின் அதிவேகக் கார்கள் இரண்டு மணி நேரமாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பித் திரும்பி வருகின்றன. 1955 இல் அல்பேர்ட்டோ அஸ்காரியும் 1965 இல் போல் ஹோக்கின்சும் காரோடு துறைமுகத்துக்குள் பாய்ந்தனர். இருவரும் அன்று உயிரோடு கரை சேர்ந்தனர். நிலம் போதாதென்பதை அவர்களைப்போல் விளக்கிக் காட்டியவர் எவருமிலர். தடுப்புகளையும் மேடைகளையும் நிறுவ ஆறு வாரம் செல்லும். அதுவரை குடியிருப்போர் தம் வீட்டு வாயிலுக்குச் செல்லச் சுற்றுவழி தேடுவர். போட்டி நாளில் மேன்மாடங்களை வாடகைக்கு விட்டு அத்துன்பத்துக்கு மருந்திடுவோரும் உளர்.

பக்கவாட்டில் இடமில்லாததால் வாழ்க்கை மேலும் கீழுமாகவே நடைபெறுகின்றது. தெருவிலிருந்து தெருவுக்குப் போகப் பொது மின்தூக்கிகள் பாறைக்குள் ஓடுகின்றன. கட்டணம் கிடையாது. வழி கேட்பவருக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்வதிலும் மேலே, கீழே என்று சொல்வதே பயன்படும். 1999 முதல் புகையிரத நிலையமும் மலைக்குள் போய்விட்டது. அது விட்ட நிலம் விற்பனைக்கு வந்தது. கடலை நிரப்பும் வேலையும் ஓய்வதில்லை. ஃபொன்வியே என்னும் பகுதி முழுவதும் அவ்வாறு பிறந்தது. 2024 டிசம்பரில் மேலும் ஆறு ஹெக்டேயர் திறந்துவைக்கப்பட்டது. நிலம் ஏன் இவ்வளவு அருமையென்பது விலையைக் கேட்டால் விளங்கும். வீட்டு விலை 2022 இல் சதுர மீற்றர் ஒன்றுக்குச் சராசரி ஐம்பதாயிரம் யூரோவைத் தாண்டியது. ஒருவர் தம் கட்டிலைச் சற்று நகர்த்திப் போட்டால் அசையாச் சொத்தில் முதலீடு செய்தவராவார். நாணயத்துக்கும் அந்நிலையே. கிறேஸ் கெலியின் உருவம் பொறித்து 2007 இல் வெளியிட்ட இரண்டு யூரோ நாணயங்கள் 20,001 மட்டுமே. சேகரிப்போர் அதற்குக் கொடுப்பது ஆயிரம் யூரோவுக்கும் மேல். அதைக் கொடுத்துக் கோப்பி வாங்குபவர் உலகின் விலையுயர்ந்த கோப்பியைக் குடித்தவராவார்.

இவ்விலையில் அந்நாட்டுப் பிரசை எங்கே குடியிருப்பார்? இவ்விடத்தில் வேடிக்கை சற்றுத் தடுமாறுகின்றது. சூதாட்ட மண்டபத்துக்குள் ஆடமுடியாத அவர், தம் சொந்த ஊர்ச் சந்தையில் வீடு வாங்கவும் பெரும்பாலும் முடியாதவர். அரசு கட்டி வைத்திருக்கும் தொடர்மாடி வீடுகளுக்கு விண்ணப்பித்து, குடும்ப அளவும் பிறவும் கணக்கிடப்பட்டு, குறைந்த வாடகைக்கு இடம்பெறுகின்றார். 2015 இல் எழுந்த 170 மீற்றர் உயர ஒடியோன் கோபுரத்திலும் செல்வரின் மாளிகைத் தளங்களோடு பிரசைகளுக்கான அரசாங்க வீடுகளும் உள. ஏழை நாடுகள் ஏழைகளுக்காக வீட்டுத்திட்டம் வகுக்கும். இந்நாடு தன் மக்கள் தன் செல்வத்தால் வெளியே தள்ளப்படாதிருக்க வீட்டுத்திட்டம் வகுக்கின்றது. இதைப் பரிகசிப்பது எளிது. ஆனால் பத்தாயிரவரை ஊரில் நிறுத்தி வைப்பது இந்த ஒரு ஏற்பாடே.

பிரசை அல்லாத தொழிலாளிக்கு அந்த ஏற்பாடும் இல்லை. சமைப்போர், நோயாளரைப் பார்ப்போர், வங்கியில் எழுதுவோர், கட்டடத்தில் கல் ஏற்றுவோர் என ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர், நாட்டின் குடித்தொகையினும் மிகையானோர், நாள்தோறும் எல்லை கடந்து வருகின்றனர். நீஸ் பக்கத்திலிருந்தும் இத்தாலியின் வென்ரிமில்யாவிலிருந்தும் வரும் காலை வண்டிகளில் நிற்கவும் இடமிராது. மலைக்குள்ளிருக்கும் நிலையத்தில் இறங்கி, மின்தூக்கிகளில் ஏறி அவர்கள் நகரெங்கும் பரவுவர். மாலையில் அதே வழியால் இறங்குவர். மேலே நிற்கும் பிரெஞ்சு ஊராகிய போசோலே இவர்களுட் பலரது உறக்கத்துக்கு இடம் தருகின்றது. ரோல்ஸ்ரோயின் கைதி தவணைக்கு ஒருமுறை வந்தான். இவர்கள் நாள்தோறும் வருகின்றனர். அவனுக்குக் கிடைத்த சலுகையொன்று இவர்களுக்கு இல்லை. அவன் வேலை செய்யவேண்டியதில்லை.

மொழியும் ஒன்று உண்டு. லிகூரிய இனத்தைச் சேர்ந்த அதனை ‘முனெகாஸ்கு’ என்பர். ஆட்சிமொழி பிரெஞ்சு. வீட்டுத் திண்ணையிலும் மீன் சந்தையிலும் வாழ்ந்த பேச்சுக்கு எழுத்திலக்கியம் பிறந்தது 1927 இல்தான். லூயி நொத்தாரி என்பவர் நாட்டின் காவற்புனிதையாகிய தெவோத்தாவின் கதையைப் பாட்டாக எழுதினார். 1931 இல் தேசிய கீதத்துக்கு அம்மொழியிற் சொற்களை அமைத்தவரும் அவரே. அதற்குள் அதனைப் பேசுவோர் அருகத் தொடங்கியிருந்தனர். 1976 முதல் பாடசாலைகளில் அது கற்பிக்கப்படுகின்றது. வகுப்பில் இருப்போரோ பல தேசத்துப் பிள்ளைகள். தந்தையார் வரியின் பொருட்டு வந்தார், வேறிடத்தில் வரி குறைந்தால் அங்கே போவார். வழக்கொழியும் தறுவாயிலுள்ள ஒரு மொழியின் வினைத்திரிபுகளை ஆண்டு முழுதும் மனனம் செய்து அவர்கள் பரீட்சையும் எழுதுகின்றனர். நவம்பர் 19 ஆம் நாள் தேசிய தினத்தையொட்டி அவர்கள் கீதத்தைப் பாடிப் பழகிக்கொண்டு வீடு செல்வர். சொல் பிழைத்தாற் திருத்திச் சொல்ல, பெரும்பாலான வீடுகளில் ஆளில்லை.